மனைவி கையெழுத்தைக் கணவனே போட்டால் அடமானம் செல்லுமா?

தராசு:
இருவர் பெயரிலும் உள்ள வீடு. மனைவியின் கையெழுத்தையும் தானே போட்டு அடமானம் வைத்துவிடுகிறான் கணவன். கதவில் ஏல நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரிகிறது. நட்டம் வங்கிக்குத்தான் என்கிறேன். போலிப் பத்திரத்தால் எந்த உரிமையும் கைமாறாது.

குமரன்77:
அவ்வளவு சுலபமில்லை. நியூசிலாந்தில் ஒரு மனைவி கணவரின் கையெழுத்தைப் போட்டுக் கடன் வாங்கினார். தவணை நின்றது, சொத்து விற்கப்பட்டது. நிலப் பதிவேட்டில் ஏறிய உரிமையே செல்லும் என்று 1960-களில், அந்நாட்டின் அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. மோசடியில் பங்கில்லாமல் கடன் கொடுத்தவர் ஏன் பணத்தை இழக்க வேண்டும்?

தராசு:
அது டோரன்ஸ் பதிவு முறை: அரசுப் பதிவேட்டில் யார் பெயரோ அவருக்கே உரிமை. அங்கே இப்படி இழந்தவருக்குப் பொதுவாக அரசே நட்டஈடு கொடுக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 1980-களில், கணவன் மனைவியின் கையெழுத்தைப் போட்ட வழக்கு. மனைவியின் பங்கு தப்பியது, கடன் கணவன் பங்கை மட்டுமே பிடித்தது.

நிலா:
பங்கு தப்பி என்ன? கணவன் பங்கைப் பிடித்தவர் முழு வீட்டையும் விற்கச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாமே. பிரான்ஸ் சட்டம் தேவலை. வீடு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தாலும், குடும்பம் குடியிருக்கும் வீடு என்றால் இருவர் சம்மதமும் வேண்டும். கென்யாவிலும் 2012 முதல் அப்படித்தான்.

குமரன்77:
அப்புறம் இருவருமாகப் பணத்தைச் செலவழித்துவிட்டு, ஏலம் வந்ததும் "இது என் கையெழுத்தே இல்லை" என்பார்கள். வங்கி என்ன செய்யும்?

தராசு:
பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்று பார்க்கட்டும். கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும். போலியாகப் போடுபவன் எழுதுவதில்லை, வரைகிறான். வேகம் இருக்காது, வளைவில் பேனா நின்று நின்று போயிருக்கும். ஆனால் அசல் வேண்டும், ஜெராக்ஸில் அழுத்தம் தெரியாது. பிரான்ஸில் கெடுவும் உண்டு: சம்மதம் தராதவர், தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

நிலா:
"அவளுக்கு உடம்பு சரியில்லை, நானே கையெழுத்து வாங்கி வருகிறேன்" என்றதும் பத்திரத்தை அவன் கையில் கொடுத்தனுப்பியது யார்? கணவன் கடனுக்கு மனைவி தன் சொத்தை ஈடாகக் கொடுத்தால், அவளுக்கு விளக்கிச் சொன்னதாக அவளுடைய வக்கீலிடமே வங்கி உறுதி வாங்க வேண்டும் என்று 2001-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. அது நிர்ப்பந்த வழக்குதான், போலி இல்லை. ஆனாலும் அவளுடன் நேரடியாகப் பேசினாலே பாதிப் போலி அங்கேயே மாட்டிவிடும்.

குமரன்77:
கூட்டுச் சொத்து என்றால் நேரில் கூப்பிடட்டும், சரி. என் பெயரில் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் இன்னொருவர் அனுமதி என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிலா:
அந்த வீட்டில் குடியிருப்பது நீங்கள் மட்டும்தானா?