பொருள்: ஃபோகஸ் பிராக்கெட்டிங், ஃபோகஸ் ஸ்டாக்கிங், ஷட்டர் வகைகள் – தமிழ்ச்சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

மேக்ரோ (மிக அண்மையில் வைத்துச் சிறு பொருளைப் பெரிதாக எடுக்கும் படக்கலை) கையேட்டின் தமிழ் வரைவில் ஃபோகஸ் பிராக்கெட்டிங், ஃபோகஸ் ஸ்டாக்கிங் இரண்டுக்கும் ‘குவிய அடுக்கல்’ என்றே போட்டிருக்கிறது. இதைத் திருத்தியாக வேண்டும். முதலாவது, லென்ஸின் ஃபோகஸைச் சிறு சிறு படிகளாக நகர்த்திக்கொண்டே இருபதோ ஐம்பதோ படம் எடுப்பது. அடுத்தது, எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ஒவ்வொன்றிலும் கூர்மையாக விழுந்த பகுதியைப் பொறுக்கி ஒரே படமாக்குவது. பல கேமராக்கள் முதல் வேலையோடு நின்றுவிடும். மெனுவில் ‘அடுக்கல்’ என்று இருந்தால், முடிந்த படம் கிடைக்கும் என்று நம்பியவர் அட்டையில் நாற்பது தனிப்படங்களைப் பார்த்துக் குழம்புவார். ஒலிம்பஸ் 2015-இல் இ-எம்1 கேமராவுக்கு வெளியிட்ட 4.0 மென்பொருளில் இரண்டையும் தனித்தனிப் பெயரிலேயே வைத்தது. நாமும் பிரித்தாக வேண்டும்.

பிராக்கெட்டிங்கை ‘அடைப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கவும் கூடாது. ஒளியளவில் பிராக்கெட்டிங் என்றால் ஓர் அளவுக்கு மேலும் கீழும் எடுப்பது. ஃபோகஸிலோ பெரும்பாலான கேமராக்கள் அருகிலிருந்து தொலைவுக்கு ஒரே திசையில் நகர்கின்றன. ஆகவே பிராக்கெட்டிங்குக்கும் ஸ்டாக்கிங்குக்கும் முறையே ‘குவியத் தொடர்’, ‘குவிய அடுக்கு’ என்று முன்வைக்கிறேன். நிக்கான் இதே வசதியை ஃபோகஸ் ஷிஃப்ட் என்கிறது. அதை ‘குவியப் பெயர்ச்சி’ ஆக்கிவிட வேண்டாம். லென்ஸின் துளையைச் சுருக்கும்போது கூர்மை விழும் இடம் சற்று விலகுகிறதே, ஒளியியலில் அதற்குத்தான் அந்தப் பெயர் வேண்டும்.

வரைவில் ‘மின்னணு முன்திரை’ என்றொரு சொல்லும் இருக்கிறது. ஷட்டர் பற்றி அறிந்தவர்கள் அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

———

> வரைவில் ‘மின்னணு முன்திரை’ என்றொரு சொல்லும் இருக்கிறது.

‘முன்’ என்பது தமிழில் இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். முன்திரை என்றதும் சென்சாருக்கு முன்னால் நிற்கும் திரை என்றுதான் படிப்போம். இங்கே பேச்சு வரிசையைப் பற்றியது: ஷட்டரின் இரு திரைகளில் முதலில் ஓடுவது எது, பிறகு ஓடுவது எது. தவிர, கேமராவின் முதுகில் உள்ள காட்சிப் பலகையையும் ‘திரை’ என்றே எழுதுகிறோம். ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் வாசகர் திணறுவார்.

எது நகர்கிறது என்பதைச் சொல்லே காட்ட வேண்டும். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவில் காட்சி தெரிவதற்காக ஷட்டர் எப்போதும் திறந்தே இருக்கும். இயந்திர ஷட்டரில் பொத்தானை அழுத்தியதும் அது முதலில் மூடும், பிறகு முதல் திரை ஓடித் திறக்கும், ஒளி பதிந்த பின் இரண்டாம் திரை ஓடி மூடும், மறுபடி திறக்கும். பதிவு தொடங்குவதற்குச் சற்று முன் நடக்கும் அந்த மூடலும் திறப்பும்தான் கேமராவை உதைக்கின்றன. ஏறத்தாழ 1/15 முதல் 1/200 நொடி வரை இதன் பாதிப்பு மிகுதி. அதைவிட நீண்ட பதிவில் அதிர்வு அடங்கிய பின் வரும் ஒளியே பெரும்பங்கு. அதைவிடக் குறுகிய பதிவில் படம் கலையும் அளவுக்குக் கேமரா நகர்வதற்குள் பதிவே முடிந்துவிடும். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் (பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்போது) பிம்பம் சென்சார் மீது 0.006 மி.மீ. நகர்ந்தாலே 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் ஒரு பிக்சல் கலைந்துவிடும்.

வரைவு ‘மின்னணு முன்திரை’ என்று பெயர்த்த எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் முறையில் திறக்கும் வேலையைச் சென்சாரே செய்கிறது, வரிவரியாகத் தன்னை அழித்துக்கொண்டு பதிவைத் தொடங்குவதன் மூலம். மூடும் திரை மட்டும் இயந்திரம். ஆகவே ‘மின்திறப்பு ஷட்டர்’ என்பது என் பரிந்துரை. திறப்பது மின்னணு, மூடுவது இயந்திரம் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. இரண்டும் மின்னணுவானால் ‘முழு மின்னணு ஷட்டர்’. ஷட்டர் ஷாக்குக்கு ‘அதிர்ச்சி’ வேண்டாம், அது மின்சாரத்துக்கும் மனத்துக்கும் போய்விட்டது. ‘ஷட்டர் உதைப்பு’ என்றால் காரணமும் விளங்கும். ‘ஷட்டர்’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்வோம். ‘மூடுதிரை’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அது இரண்டாம் திரைக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது.

மின்திறப்புக்கும் ஒரு குறை உண்டு. சென்சார் தன்னை அழிப்பது அதன் பரப்பிலேயே. இயந்திரத் திரை ஓடுவதோ அதற்குச் சற்று முன்னால். 1/2000 போன்ற வேகத்தில், துளை அகலத் திறந்திருந்தால், மங்கிய பின்னணி வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்படும். மேக்ரோ அடுக்குக்கு அந்த வேகம் அரிது என்பதால் கையேட்டில் ஒரு வரி போதும்.

———

‘மின்திறப்பு’ நன்று. முழு மின்னணு ஷட்டருக்கு மட்டும் எச்சரிக்கை விரிவாக வேண்டும். முக்காலியும் அசையாத பொருளும் இருந்தால் அடுக்குக்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்று எழுதிவிட்டு, விளக்கைப் பற்றி எதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

சென்சார் தன் வரிகளை மேலிருந்து கீழாக வாசிக்க 1/20 நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். வாசிப்பு முடிவதற்குள் ஐந்து சுற்று. படத்தில் ஐந்து இருள்பட்டைகள் விழும். தனிப்படத்தில் இது ஒரு குறை. அடுக்கிலோ பெருங்கேடு, ஏனெனில் பட்டை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் விழுகிறது. அடுக்கும் மென்பொருள் வெவ்வேறு படங்களிலிருந்து துண்டெடுக்கும்போது முடிவுப் படம் திட்டுத்திட்டாகிவிடும். பதிவு நேரத்தை 1/100, 1/50, 1/25 என வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுச் சுற்றுகள் கிடைத்துப் பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120, 1/60, 1/30. இதற்கு ‘வரிவாசிப்புப் பட்டை’ என்றும், நகரும் பொருள் சாய்வதற்கு ‘வரிவாசிப்புச் சாய்வு’ என்றும் சொல்லலாம். இப்படி வரிவரியாக வாசிப்பதை ஆங்கிலத்தில் ரோலிங் ஷட்டர் என்பார்கள். அதை ‘உருளும் ஷட்டர்’ என்று பெயர்க்க வேண்டாம், அங்கே எதுவும் உருளவில்லை.

ஃபிளாஷும் இதே கணக்குதான். எல்லா வரிகளும் ஒருசேரப் பதிந்துகொண்டிருக்கும் இடைவெளி வேண்டுமானால், பதிவு நேரம் வாசிப்பு நேரத்தைவிட நீண்டதாக இருக்க வேண்டும். அதனால்தான் பல கேமராக்கள் முழு மின்னணு முறையில் ஃபிளாஷை அடைத்தே வைக்கின்றன. ஃபிளாஷ் வைத்து அடுக்குபவருக்கு மின்திறப்பே சரி.

———

ஷட்டர் சொற்களில் எனக்கு மறுப்பில்லை. ‘குவியம்’ என்பதில்தான் இடறுகிறது. பாடநூலில் குவியம் என்பது இணைகதிர்கள் சேரும் புள்ளி. தொடரில் நாம் படிப்படியாக நகர்த்துவது அந்தப் புள்ளியை அன்று. பொருளின் மீது கூர்மையாகத் தெரியும் தளத்தை. சரி, ‘குவிப்பு’ என்று மாற்றலாம் என்றால், நெல்லைக் குவிப்பதும் குவிப்புதான். ‘குவிப்பு அடுக்கு’ என்பது குவித்து அடுக்கியது போலக் கேட்கிறது.

அந்தத் தளத்துக்கே ஒரு பெயர் வைத்தால் என்ன? கூர்தளம். கூர்நோக்கு என்கிறோம் அல்லவா, அதே கட்டு. ‘கூர்தளத் தொடர்’, ‘கூர்தள அடுக்கு’.

———

கூர்தளத்தை வழிமொழிகிறேன். அதை வைத்தே படியளவைப் பற்றிய பத்தியைத் திருத்தி எழுதிப் பார்த்தேன், சொல் இடறவில்லை. பார்வைக்கு வைக்கிறேன்:

“ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கம், துளை எஃப் 5.6 (எண் கூடினால் துளை சிறிது), ஏற்கத்தக்க மங்கல் 0.015 மி.மீ. என்றால் கூர்தளத்தின் தடிமன் உத்தேசமாக 0.34 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்தோடு மேற்படிய வேண்டும். ஆகவே ஒரு படி 0.23 மி.மீ. பொருளின் ஆழம் 6 மி.மீ. என்றால் 26 படம் தேவை. முன்னும் பின்னும் இரண்டிரண்டு கூட்டி 30 படம் எடுக்கவும். உருப்பெருக்கம் இருமடங்கானால் தடிமன் 0.13 மி.மீ. அளவுக்குக் குறையும், படங்கள் 70 வரை போகும். எண்ணிக்கையைக் குறைக்க எஃப் 16-க்குப் போக வேண்டாம். ஒன்றுக்கு ஒன்றில் அதன் செயல்துளை (நடைமுறையில் அமையும் துளை) எஃப் 32; ஒளியின் விளிம்பு வளைவினால் ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் 0.04 மி.மீ. வட்டமாகிவிடும். அந்தக் கூர்மையை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.”

கேனனிலும் நிக்கானிலும் படியளவு 1 முதல் 10 வரை ஓர் எண்ணாகவே இருக்கிறது. அது மில்லிமீட்டர் அன்று என்பதைக் கையேடு அழுத்திச் சொல்ல வேண்டும். ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து ஐந்து படம் எடுத்து, கூர்தளம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் அந்த லென்ஸுக்கான மதிப்பு தெரிந்துவிடும். சாய்வுக் கோணத்துக்கான திருத்தத்தை மறக்கக் கூடாது: 45 பாகையில் அளவுகோலில் தெரியும் தூரத்தை 0.7 ஆல் பெருக்க வேண்டும்.

பிழைகளுக்கும் பெயர் தேவை. படி பெரிதாகிவிட்டால் கூர்மையான பட்டைகளுக்கு நடுவே மங்கிய பட்டை வருகிறது: ‘இடைமங்கல்’. சென்சாரில் ஒட்டிய தூசி, படங்களை அளவு மாற்றிப் பொருத்தும்போது ஒவ்வொன்றிலும் சற்றே தள்ளி விழுந்து கோடாகிறது: ‘தூசித்தடம்’. முன்னால் இருக்கும் மயிரிழையைச் சுற்றிப் பின்புறம் தெளியாமல் நிற்பதற்கு ‘ஒளிவட்டம்’ என்று வரைவில் இருக்கிறது. அங்கே ஒளியும் இல்லை, வட்டமும் இல்லை. ‘விளிம்புமங்கல்’ என்றால் இடைமங்கலோடு இணையாக நிற்கும். செரீன் ஸ்டாக்கர் என்ற அடுக்கும் மென்பொருளில் உள்ள இரு முறைகளில் டீமேப் இந்தக் குறையைக் கூட்டும். பீமேக்ஸ் குறைக்கும், ஆனால் இரைச்சலையும் மாறுபாட்டையும் ஏற்றிவிடும். பூச்சியின் மயிர்களுக்குப் பீமேக்ஸ், வழவழப்பான ஓட்டுக்கு டீமேப், பிறகு தூரிகையால் இரண்டையும் சேர்ப்பது என்று வைத்தால் போதும்.

———

கூர்தளத் தொடர், கூர்தள அடுக்கு, மின்திறப்பு ஷட்டர், ஷட்டர் உதைப்பு, இடைமங்கல், விளிம்புமங்கல், தூசித்தடம் ஆகியவற்றை வரைவில் ஏற்றிவிடுகிறேன். ‘குவியத் தொடர்’ என்ற என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்று பாக்கி. நீண்ட தொடரைப் பத்துப் பத்தாக அடுக்கி, வந்த படங்களை மறுபடி அடுக்குவதை ஸ்லாபிங் என்கிறார்கள். ‘பகுதியடுக்கு’ என்று எழுதலாமா, அல்லது ‘கட்டுக்கட்டாக அடுக்குதல்’ என்று விரித்தே சொல்லிவிடலாமா?