கிங் உரையில் 'கனவு' தாளில் இருந்ததா?

கோடைமழை: 1963 ஆகஸ்ட் 28-ல் வாஷிங்டன் லிங்கன் நினைவிடத்தில் மார்ட்டின் லூதர் கிங் 'கனவு' பகுதியை முன்யோசனையே இல்லாமல் பேசினார், அந்த ஒரு பேச்சில் அமெரிக்காவே மனம் மாறியது என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஜூன் 23-ல் டெட்ராய்ட்டில் இதே கனவைப் பேசியிருக்கிறார். 1962 நவம்பரில் ராக்கி மவுண்ட்டிலும் பேசியிருக்கிறார்.

வைகைக்கரை: எழுதியது நான். பெயர் சொல்லியே கேட்கலாமே? அவர் எழுதிக் கொண்டுவந்த தாளில் கனவு இல்லை. பாடகி மஹாலியா ஜாக்சன், "கனவைப் பற்றிச் சொல்லுங்க, மார்ட்டின்" என்று குரல் கொடுத்தார். அப்புறம் கிங் தாளை ஒதுக்கிவிட்டார் என்று உரை எழுத உதவிய கிளாரன்ஸ் ஜோன்ஸே சொல்லியிருக்கிறார்.

கோடைமழை: தாளில் இல்லை என்றால் மனதிலும் இல்லையா? பல கச்சேரியில் பாடிய பாட்டை, சபையில் கேட்டார்கள் என்று ஒரு பாகவதர் பாடினால், அது அன்றைக்குப் பிறந்த பாட்டா?

வைகைக்கரை: சுற்றி வளைக்காதீர்கள். தாளில் இல்லை. இல்லை என்றால் இல்லை.

பழைய கணக்கர்: தாளில் இருந்ததைப் பேசுங்கள் ஐயா. வங்கி கவுண்டரில் இருபது வருடம் இருந்தவன் நான். செக் திரும்பினால், அதைக் கொண்டுவந்தவர்தான் கூனிக்குறுகி நிற்பார், தப்பு கொடுத்தவருடையது என்றாலும். கிங் அதைத் திருப்பிப் போட்டார். அமெரிக்கா கொடுத்த செக் 'பணம் போதாது' என்று திரும்பியிருக்கிறது என்றார். கேட்டது தர்மம் இல்லை, பாக்கி. என்னை மடக்கியது அந்த இடம்தான்.

வைகைக்கரை: செக்கை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? உலகம் சொல்வது கனவை. அது தாளில் இல்லை.

கோடைமழை: மனம் மாறியதா? உரை முடிந்த 18-ஆம் நாள் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டத்தில் 1964 ஜூலை 2-ல்தான் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். அதற்குமுன் செனட்டில் பேசிப் பேசியே எத்தனை வாரம் இழுத்தடித்தார்கள்! அன்று வந்து நின்ற இரண்டரை லட்சம் பேரையும், அவர்களைத் திரட்டிய பேயார்ட் ரஸ்டினையும் ஒரு வரியில் மறந்துவிட்டீர்கள்.

வைகைக்கரை: கெட்டிஸ்பர்க் இழையிலும் இதே வேலைதான் செய்தீர்கள். லிங்கன் தன் கெட்டிஸ்பர்க் உரையை ரயிலில் எழுதவில்லை என்று பத்துப் பேர் முன்னால் என்னை மட்டம்தட்டினீர்கள். மறக்கவில்லை.

கோடைமழை: ரயிலில் எழுதவில்லைதான்.

தேன்மொழி: கிங்கின் 'I have a dream' என்பதைத் தமிழில் 'நான் கனவு காண்கிறேன்' என்று போடுகிறார்களே, அதை முதலில் நிறுத்துங்கள். அது தூங்குகிறவர் சொல்வது. 'எனக்கொரு கனவு உண்டு' என்பதே சரி.

வைகைக்கரை: 'உண்டு' பண்டிதர் தமிழ். 'இருக்கிறது' என்று போடுங்கள்.

தேன்மொழி: என் பாட்டி பள்ளிக்கூடமே போனதில்லை. தினமும் 'உண்டு' என்றுதான் சொன்னார்.

கோடைமழை: டெட்ராய்ட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வைகைக்கரை: டெட்ராய்ட் பேச்சை நாடே தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்ததா? வாஷிங்டனில் பார்த்தது. பார்த்தவர்கள் கேட்ட கனவு தாளில் இல்லை. நூறு முறை கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.