அப்பா கண் விழித்த பிறகு

வீடு மதுரை, வேலை மேலூர். போகவர பஸ்ஸில்தான் என் வாசிப்பு. பெத் ரெவிஸின் 'அக்ராஸ் தி யுனிவர்ஸ்' நாவல் வரிசையையும் அப்படித்தான் முடித்தேன். மூன்று பாகம், 2011இலிருந்து 2013 வரை வந்தவை. கடைசியான 'ஷேட்ஸ் ஆஃப் எர்த்' பிடித்ததா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

முதல் பாகத்தின் தொடக்கத்தை மறக்க முடியாது. 300 வருட விண்வெளிப் பயணத்துக்காக ஏமியின் குடும்பத்தை உறைய வைக்கிறார்கள். முதலில் அம்மா. அடுத்து மகளைப் படுக்கச் சொல்லாமல் அப்பாவே பெட்டிக்குள் போய்விடுகிறார். வேண்டாமென்று தோன்றினால் அவள் அப்படியே கிளம்பிவிடலாம். அந்த மனுஷன் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனார்!

ஏமியை 50 வருடம் முன்னதாகவே எழுப்பிவிடுகிறார்கள். கப்பலிலேயே பிறந்து வளர்ந்த எல்டர் மேல் காதல். அதுவரை அப்பா வெறும் பனிக்கட்டி.

மூன்றாம் பாகத்தில் கப்பலிலிருந்து பிரிந்த ஷட்டில் (சிறு விண்கலம்) புதுக் கிரகத்தில் தரையிறங்குகிறது, அப்பா கண் விழிக்கிறார். ராணுவக்காரர். கப்பல் ஜனங்களுக்கு எல்டர்தான் தலைவன். இவருக்கோ அவன் யாரோ ஒரு பையன். காதலர்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள நான் பக்கம் பக்கமாகக் காத்திருந்தேன். போதாததற்குச் சாவு மேல் சாவு. செம எரிச்சல்.

ஜன்னலில் யானைமலை வந்தபோது போன்.

"எங்க வர்ற?"

"ஒத்தக்கடைப்பா."

"சரி, மாட்டுத்தாவணியில நிக்கிறேன்."

எனக்கு வயது 31. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, எனக்கான ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. ஏமியின் அப்பாவை அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை.

திருமங்கலத்திலிருந்து ஒரு பதில்:
அப்பாவைக்கூட மன்னிச்சிடலாம்க்கா. வேற்றுக்கிரகத்தைக் காட்டுறேன்னு சொல்லி, பாதிப் புத்தகத்துக்கு யார் அதிகாரம் பண்றதுன்னு சண்டை. கப்பலுக்குள்ள இருந்த அந்த மூச்சுமுட்டல்தான் கதையே. வெளிய வந்ததும் போச்சு.

அதற்கு நான்:
கப்பல் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன் தம்பி. சண்டையில் மாட்டேன். ஊர்விட்டு ஊர் போய்க் குடியேறினாலே யார் பெரியவர் என்ற பேச்சு வரும், கிரகம் விட்டுப் போனால் வராதா? முதல் இரண்டு பாகத்தை ஆபீஸில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவதைத் தினமும் கேட்கிறாள். பையில்தான் இருக்கிறது, இன்னும் கொடுக்கவில்லை.