கூண்டடியில் எலி வளை: மருந்து வைப்பதா, வலை அடிப்பதா?

மழைத்தும்பி:
தோட்டத்தில் அடுத்தடுத்த இரு கூண்டுகளில் ஒரு முயலையும் இரண்டு கினிப்பன்றிகளையும் வளர்த்து வருகிறேன். நேற்றுக் காலை கினிப்பன்றிக் கூண்டின் பின்மூலையில் பலகை கொறிக்கப்பட்டு, புதிய மரத்தூள் உதிர்ந்து கிடந்தது. அதற்கு நேர் கீழே மண்ணில் மூன்று விரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையும், அருகில் புழுக்கைகளும் இருந்தன. எலி மருந்து வைத்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனம் துணியவில்லை. கூண்டுக்குக் கம்பிவலை அடித்தால் போதுமா?

கூண்டுப்பூட்டு:
தயங்காமல் வையுங்கள். பிறந்து ஐந்து நாளான முயல்குட்டிகள் நான்கை ஒரே இரவில் எலிக்குப் பறிகொடுத்தவன் நான். கண் திறக்காத, மயிர் முளைக்காத குட்டிகளால் தப்பி ஓடவும் முடியாது. பெண் எலி ஏறத்தாழ மூன்று வாரச் சினையில் குட்டி போட்டுவிடும் என்பதால், நீங்கள் வலை வாங்கி அடித்து முடிப்பதற்குள் ஒன்று பத்தாகிவிடும்.

பசும்புல்:
உங்கள் இழப்பு பெரியது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எலி, மருந்தை வைத்த இடத்திலேயே தின்றுவிட்டுப் போவதில்லை. தானிய வடிவில் இருந்தால் வாயில் கவ்விக்கொண்டு போய், தனக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் இடத்தில் பதுக்கி வைக்கும். அந்த இடம் கினிப்பன்றி படுக்கும் காய்ந்த புல்லாகவும் இருக்கலாம். புரோமாடியலோன் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அறிகுறி தெரியவே சில நாட்கள் ஆகும். நாம் கவனிக்கும்போது செல்லப்பிராணிக்கு உள்ளுக்குள் இரத்தக் கசிவு தொடங்கியிருக்கும். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும்கூட அந்த நஞ்சு போய்ச் சேரும்.

கூண்டுப்பூட்டு:
பூட்டுள்ள மருந்துப் பெட்டிக்குள், கம்பியில் கோத்த மெழுகுக் கட்டியாக வைத்தால் தூக்கிச் செல்ல முடியாதே. வலையை மட்டும் நம்பினால் எலிகள் கூண்டைச் சுற்றியே குடியிருந்து, புல்லிலும் தண்ணீரிலும் சிறுநீர் கழித்து லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சலைப் பரப்பும்.

பசும்புல்:
கம்பியில் கோத்த கட்டியில் அந்த ஆபத்து குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இறந்த எலியால் வரும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. எலி அங்கே குடியிருப்பது உணவுக்காக. அதை எடுத்துவிடாமல் பத்து எலிகளைக் கொன்றாலும் பதினோராவது வரும். தீவனத்தை மூடியுள்ள உலோக டப்பாவுக்கு மாற்றுங்கள்; பெல்லட் எனும் குச்சித் தீவனத்தையும் கீரை மிச்சத்தையும் மாலையிலேயே அள்ளிவிடுங்கள். காய்ந்த புல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே முயலுக்கும் கினிப்பன்றிக்கும் குடல் இயக்கம் நின்றுபோகக்கூடும். எலிக்கு அஞ்சிப் புல்லை நிறுத்துவது எலியைவிடக் கொடியது.

அடுத்தது வலை. கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கத்தான் உதவும். அதன் கண்களில் இளம் எலி நுழைந்துவிடும், பெரிய எலி மெல்லிய கம்பியைக் கடித்தே அறுத்துவிடும். 13 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள, பற்றவைத்த தடித்த கம்பிவலையைக் கதவு, காற்றுவழி, அடிப்பலகை எதையும் விடாமல் அடியுங்கள். அடிப்பக்கத்தில் வலையின் மேல் பலகையோ கெட்டியான படுக்கையோ இருக்கட்டும். வெறுங்கம்பியில் நின்றால் பாதம் புண்ணாகும். கூண்டைச் சுற்றி வெளிப்புறமாக ஓரடி அகலத்துக்கு அதே வலையைத் தரையோடு படித்துப் பதித்தால், சுவரோரத்தில் தோண்டத் தொடங்கும் எலி கம்பியில் முட்டித் திரும்பும்.

கூண்டுப்பூட்டு:
சரி, ஏற்கெனவே இருக்கும் எலிகளை என்ன செய்வது?

பசும்புல்:
செல்லப்பிராணிகளின் கால் எட்டாத மூடிய பெட்டிக்குள் பொறி வையுங்கள். எலி புதுப் பொருளைக் கண்டு ஒதுங்கும் இயல்புடையது. சில நாட்கள் பொறியை விசை ஏற்றாமல் இரையோடு விட்டு, அது பழகிய பிறகு ஏற்றினால்தான் சிக்கும். நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டுவதாகச் சொல்லும் மீயொலிக் கருவியைத் தவிருங்கள். எலிக்குக் கேட்கும் அந்த ஒலி கினிப்பன்றிக்கும் கேட்கும், அதுவோ கூண்டை விட்டு ஓட முடியாதது.

கூண்டுப்பூட்டு:
பொறியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குட்டி ஈனும் முயல் இருக்கும் வீட்டில், வலை முழுமையாகும்வரை அதை இரவில் வீட்டுக்குள் கொண்டுவந்தே ஆகவேண்டும். நான் அன்று அதைச் செய்யத் தவறினேன்.

மழைத்தும்பி:
இன்றிரவே மூன்றையும் உள்ளே கொண்டுவந்துவிட்டேன். மருந்து வாங்கவில்லை. வளையின் வாயில் கசக்கிய செய்தித்தாளை அடைத்திருக்கிறேன். காலையில் அது வெளியே தள்ளப்பட்டிருந்தால் வளையில் எலி இருக்கிறது என்று கொண்டு, பொறியை அதன் பக்கத்திலேயே வைப்பேன்.