பந்து கையில் இல்லாத நாலு பேர்: கூடைப்பந்துப் பயிற்சி அனுபவங்கள்

ஈரோட்டுப் பி.டி. டீச்சர்

எங்கள் பள்ளிப் பெண்கள் அணியில் ஒரு பிள்ளை இருந்தாள். நல்ல உயரம். இரண்டு கையிலும் டிரிபிள் வரும், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடுவாள். வேகமெடுத்து லே-அப்புக்கு, அதாவது ரிங்கடிக்கே ஓடிப்போய்ப் பந்தைப் போட, ஏறிவிட்டால் மறிக்க ஆள் கிடையாது. குறுவட்டப் போட்டியை அவளை வைத்தே முடித்துவிடுவோம். மாவட்டத்துக்குப் போனால் கதை வேறு. எதிரணியில் இரண்டு பேர் அவளோடு ஒட்டிக்கொள்வார்கள், எங்கள் பிள்ளைகள் மற்ற நாலு பேரும் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், "பந்து அவகிட்டதானே மிஸ் இருக்கு" என்று பதில் வரும்.

அவள் அரசு விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகிப் போய்விட்டாள். போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மீதி இருந்தவர்களில் ஒருத்திக்கும் தனியாக இரண்டு பேரைத் தாண்டிப் போகத் தெரியாது. அதனால் டிரிபிளையே தடை செய்துவிட்டேன். அரைக் கோர்ட், நாலுக்கு நாலு, ஒருத்தியும் பந்தைத் தரையில் தட்டக் கூடாது. விதி மூன்றுதான். பாஸ் கொடுத்தவள் நிற்காமல் ரிங்கை நோக்கி வெட்டி ஓட வேண்டும். அவள் விட்டுப்போன இடத்தைப் பக்கத்தில் இருப்பவள் வந்து நிரப்ப வேண்டும். உன்னை மறிப்பவள் பந்து வரும் பாதையில் கையை நீட்டினால், அவள் முதுகுக்குப் பின்னால் ஓடு. அதுதான் பேக்டோர்.

ஆரம்பத்தில் ஒரே சந்தைக்கடை. இரண்டு பாஸ், மூன்றாவது பாஸ் எதிராளி கையில். எல்லோரும் பந்தைப் பார்த்தே ஓடி வந்து ஒரே இடத்தில் கூடிவிடுவார்கள். அப்புறம் சாக்பீஸால் மூன்று புள்ளி வளைவுக்கு வெளியே ஐந்து வட்டம் போட்டேன். ஒரு வட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நாலு, நாலரை மீட்டர். ஒருத்தியை மறிப்பவள் இன்னொருத்தியையும் சேர்த்து மறிக்க முடியாத தூரம் அது. ஒரு வட்டத்தில் இரண்டு பேர் நின்றால் பந்து எதிரணிக்கு, அவ்வளவுதான்.

இடது மூலை வட்டத்தில் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை நிற்பாள். பந்து அவளிடம் வராது, வந்தாலும் சுட்ட சட்டியைத் தொட்டதுபோல உடனே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவளிடம், "மறிக்கிறவளோட கையைப் பார்க்காதே, முன்னங்காலைப் பார்" என்றேன். கை ஏமாற்றும். கால் நகர்ந்துவிட்டால் உடம்பும் அந்தப் பக்கம் போயாக வேண்டும். முன்னங்கால் பந்தின் பக்கம் சாய்ந்த நொடியில், நீ பந்தை நோக்கி அழுத்தமாக ஓர் அடி வை, அவளும் கூடவே வருவாள், அதே காலை ஊன்றித் திரும்பி ஓடு. ஒரு நாள் மாலை அது நடந்தது. ரிங்குக்கு எதிரே நின்றவள் தரையில் குத்திப் பவுன்ஸ் பாஸ் போட்டாள், பந்து எழும் இடத்தில் இவள் இருந்தாள், முன்னால் ஒருவரும் இல்லை. லே-அப் போர்டில் பட்டு ரிங்கைத் தொடாமலே வெளியே போய்விட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். லே-அப்பை அப்புறம் திருத்திக்கொள்ளலாம், ஆள் இல்லாத இடத்தை அவளாகக் கண்டுபிடித்தாள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பீட் கரில் என்ற பயிற்சியாளர் 29 வருடம் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பல்கலைக்கழகம் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுப்பதில்லை. ஆக, நட்சத்திர வீரர்கள் பெரும்பாலும் அங்கே போக மாட்டார்கள். 1996 மார்ச்சில் தேசியப் போட்டியின் முதல் சுற்றில், முந்தைய வருட சாம்பியனான யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை 43-41 என்று பிரின்ஸ்டன் தோற்கடித்தது. கடைசி நொடிகளில் வெற்றிப் புள்ளி வந்ததும் ஒரு பேக்டோரில்தான். பிரின்ஸ்டன் பயிற்சியாளராகக் கரில் பெற்ற கடைசி வெற்றியும் அதுவே. அந்தக் கடைசிச் சில நொடிகளை மட்டும் செல்போனில் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினேன். "மிஸ், இது நம்ம மூலை வட்டம்" என்றாள் ஒருத்தி.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். முக்கியமாக, எதிரணி ஜோன் போட்டால், அதாவது ஆளுக்கு ஆள் மறிக்காமல் இடத்தைக் காத்து நின்றால், என்ன செய்கிறீர்கள்?

பெரியகுளத்துக்காரன்

டீச்சர், நான் பயிற்சியாளர் இல்லை, கல்லூரி வரை ஆடியவன். எங்கள் ஊரில் மே மாதம் விளக்கு வெளிச்சத்தில் அகில இந்தியப் போட்டி நடக்கும். வங்கி அணிகள், ராணுவ அணிகள் எல்லாம் வரும். கேலரியில் இடம் பிடிக்கச் சாயங்காலமே போய் உட்கார்ந்துவிடுவோம். அங்கே ஒரு பெரியவர் எனக்குச் சொன்ன வேலை: "ஒரு குவார்ட்டர் முழுக்கப் பந்தைப் பார்க்காதே. அந்த உயரமான ஆளை மட்டும் பார்."

பத்து நிமிட ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தால்தான் தெரியும். அந்த ஆள் பந்தைத் தொட்டதே கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் யாருக்காவது ஸ்கிரீன் போட்டுக்கொண்டிருந்தார், அதாவது தன் அணி ஆளை மறிப்பவருக்குக் குறுக்கே சுவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். ஓடி வந்து காலை அகட்டி நிற்பார், இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொள்வார், அசையவே மாட்டார். அசைந்தால் ஃபவுல். அவர் முதுகு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் ஷூட்டர் வெளியே வருவார். அப்புறம் ரிங் பக்கம் சுழன்று திரும்புவார், திரும்பும்போது நெஞ்சு எப்போதும் பந்தைப் பார்த்தே இருக்கும். ஷூட்டருக்குக் கைதட்டல் பறந்தது. பெரியவர் மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த உயரமான ஆளுக்கே "பலே" போட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்கிரீன் போடக் கற்றுக்கொண்டது அந்தக் கேலரியில்தான்.

மதுரை கோச்

டீச்சர் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் என் நிலைமை வேறு. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பிள்ளைகள் கோர்ட்டுக்கு வரும்போது வெளிச்சம் போகிற நேரம். டிசம்பர் தாண்டினால் பத்தாவதும் பன்னிரண்டாவதும் பக்கத்திலேயே வராது. இந்த நேரத்துக்குள் ஐந்து பேருக்கும் "பார்த்து முடிவெடு" என்று கற்றுக்கொடுப்பது நடக்கிற காரியமா?

நான் மூன்று பிளே, அதாவது யார் எங்கே ஓடுவது என்று முன்பே வகுத்த மூன்று நகர்வு, மட்டும் சொல்லிக்கொடுப்பேன். பேஸ்லைனில், அதாவது ரிங்குக்குப் பின்னால் உள்ள கோட்டில், இருந்து பந்து போட ஒரு பாக்ஸ் (நாலு பேர் சதுரமாக நின்று ஆரம்பிப்பது), சைடுலைனுக்கு ஒன்று, கடைசி ஷாட்டுக்கு ஒன்று. தூக்கத்தில் எழுப்பினாலும் ஓட வேண்டும். பந்து கிடைத்த அணி ஷாட் எடுத்தாக வேண்டிய நேரத்தை 2000இல் சர்வதேச விதி 30 நொடியிலிருந்து 24 ஆக்கியது. எட்டு நொடிக்குள் பாதிக் கோர்ட்டைத் தாண்டவும் வேண்டும். மேல்நிலைப் போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு மிச்சம் இருப்பது 16 நொடி. அந்த நேரத்தில் யோசிக்கச் சொன்னால் பயந்துவிடும். எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று. எங்கள் பக்கம் பள்ளி அணிகள் பெரும்பாலும் 2-3 ஜோன்தான், முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர். தன் ஆளென்று ஒருவரும் கிடையாது, இடத்தைத்தான் காக்கிறார்கள். அங்கே யாருடைய முன்னங்காலைப் பார்ப்பது?

அண்ணாநகர் வார இறுதி கோச்

நான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என் தலைவலி வேறு: வருகிற பிள்ளை எல்லாம் தூரத்திலிருந்தே பந்து போடும் அமெரிக்க வீரர் ஸ்டெஃப் கரி. ஷூவைக் கட்டும் முன்பே மூன்று புள்ளிக் கோட்டில் நின்று இடுப்பிலிருந்து பந்தை எறிகிறார்கள். அந்தக் கோடு 6.75 மீட்டர் தள்ளி இருக்கிறது, ரிங் 3.05 மீட்டர் உயரத்தில். பத்து வயதுத் தோளுக்கு அந்தப் பந்தே பாரம்.

கோடு எதற்கு வேண்டாம் என்று அப்பா அம்மாவுக்குக் கணக்கில் சொன்னால்தான் புரிகிறது. உங்கள் மகன் அங்கிருந்து பத்துத் தடவை எறிந்தால் இரண்டு விழும், ஆறு புள்ளி. பக்கத்தில் போய்ப் பத்து லே-அப் போட்டால் குறைந்தது ஐந்து விழும், பத்துப் புள்ளி. அவ்வளவுதான் சார்.

அந்தக் கரியே சின்ன வயதில் இடுப்புக்குப் பக்கத்திலிருந்துதான் எறிந்துகொண்டிருந்தார். உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போது, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் முன்னாள் வீரரான அவருடைய அப்பா டெல் கரி ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து அதை மாற்றினார். அந்தச் சமயத்தில் ரிங்குக்குப் பக்கத்தில் போட்ட பந்துகூடத் தவறியது, பையன் நொந்துபோனார். என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒரு பையனுக்கு ஷூட்டிங்கை மாற்ற ஆரம்பித்தபோது அவன் அம்மா, "முன்னாடி நல்லா போட்டுக்கிட்டு இருந்தான், நீங்க வந்து கெடுத்துட்டீங்க" என்று சண்டைக்கு வந்தார். இந்தக் கதையைச் சொன்னேன். சமாதானம் ஆகவில்லை, ஆனால் பையனை நிறுத்தவும் இல்லை.

மினி கூடைப்பந்தில் ரிங் 2.60 மீட்டர், பந்து ஐந்தாம் அளவு. முடிந்தவர்கள் ஒரு பக்க ரிங்கையாவது இறக்கி மாட்டுங்கள். வெல்டிங் கடைக்காரர் ஒருவர் போதும், பெரிய செலவில்லை. உயரம் குறைந்ததும் கை தானாக நெற்றிக்கு மேலே போகிறது. அதுக்கப்புறம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜெர்சி நம்பர் 9

நான் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையில் இருக்கிறேன், இன்னும் ஆடுகிறேன். ஆடுகிறவள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பள்ளியில் நானும் டீச்சர் சொன்ன அந்த முதல் பிள்ளை மாதிரிதான். பந்து என் கையில்தான் இருக்கும். எங்கள் கோச் ஒரு பழக்கம் கொண்டுவந்தார். புள்ளி போட்டவள், பாஸ் கொடுத்தவளை விரல் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்பி ஓட வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் டீன் ஸ்மித் நடைமுறைப்படுத்திய பழக்கம் அது என்று பின்னால்தான் தெரிந்தது. முதலில் எனக்கு எரிச்சல். என்னைக் காட்ட ஆள் இருந்தது, நான் காட்ட ஆள் இல்லை, ஏனென்றால் நான் போட்டதெல்லாம் நானே தட்டிக்கொண்டு போய்ப் போட்டது. காட்டாமல் ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்காகவே பந்தை முதலில் கொடுத்துவிட்டு வெட்டி ஓட ஆரம்பித்தேன். கொடுத்துவிட்டு ஓடினால் எனக்குத்தான் சுலபமாகப் புள்ளி வந்தது. என்னை மறித்த இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் ரிங்கடியில் இருப்பேன்.

டைம்-அவுட்டில் கத்தவே மாட்டார் அவர். "என்னம்மா பார்த்தே?" என்பார். பதில் சொல்லியாக வேண்டும். "ஹெல்ப் இடது பக்கத்திலிருந்து வருது சார்" என்று, அதாவது என்னை மறிக்க இரண்டாவது ஆள் அங்கிருந்து வருகிறாள் என்று சொன்னால், "அப்ப இடது மூலையில யாரு ஃப்ரீ?" என்று அடுத்த கேள்வி. பிளே வரைகிற பலகை அவரிடமும் இருந்தது, ஆனால் மார்க்கரை எங்களிடம் கொடுத்துவிடுவார்.

இன்னொன்றும் எழுதியே ஆக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம். சிமென்ட் கோர்ட்டில் குதித்து நேர்க் காலில் இறங்கினால் மொத்த அடியும் மூட்டுக்குத்தான். மூட்டை மடித்து, இரண்டு காலிலும், முழங்கால் உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழக்குங்கள். வார்ம்-அப்பிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். என்னோடு ஆடிய நல்ல நல்ல பிள்ளைகள் பந்தைக் கீழே வைத்தது தோல்வியால் இல்லை, மூட்டால். அனிதா பால்துரை அக்கா பதினேழு பதினெட்டு வருடம் இந்தியாவுக்கு ஆடி, குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து, 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறோம். அத்தனை வருடம் ஆட முதலில் உடம்பு ஒத்துழைக்க வேண்டும்.

ஈரோட்டுப் பி.டி. டீச்சர்

நம்பர் 9, விரல் நீட்டும் பழக்கத்தை நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.

மதுரை சார், பேஸ்லைன் பாக்ஸ் எங்களிடமும் உண்டு, பந்து வெளியிலிருந்து வரும்போது பிளே வேண்டும்தான். அதில் உங்களோடு சண்டை இல்லை. பிளே உடைந்த பிறகு என்ன என்பதுதான் என் கவலை. பள்ளி ஆட்டத்தில் பிளே இரண்டாவது பாஸிலேயே உடைந்துவிடுகிறது.

ஜோனுக்கு நாங்கள் செய்வது இது. 2-3இல் முன்னால் இருக்கும் இரண்டு பேருக்கும் பின்னால் இருக்கும் மூன்று பேருக்கும் நடுவே, ரிங்குக்கு எதிரே உள்ள ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒரு ஓட்டை இருக்கும். உயரமானவளைப் போடாமல், நன்றாகப் பார்த்துப் பாஸ் கொடுப்பவளை அங்கே நிறுத்துங்கள். என்னிடம் அந்த இடத்தில் நிற்பவள் அணியிலேயே குள்ளம். பந்து அவளிடம் போனதும் உடனே ரிங்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும். முதுகைக் காட்டி நின்றால் வேலைக்கு ஆகாது. திரும்பிவிட்டால் பின்வரிசை நடு ஆள் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். மேலே ஏறி வந்தால் ரிங்கடி காலி. வராவிட்டால் இவளே போடலாம், ஃப்ரீ த்ரோ தூரம்தானே.

முன்னங்கால் கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஜோனில் பின்வரிசை மூன்று பேரும் பந்தைப் பார்த்தே நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் பேஸ்லைனில் ஒருத்தி நடந்து போனால்கூடத் தெரியாது. அந்த மூலை வட்டப் பிள்ளையை இப்போது அங்கேதான் ஓட விடுகிறேன். இவள் பார்க்க வேண்டியது காலை இல்லை, தலையை. நடு ஆளின் தலை ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் திரும்பியதும் உள்ளே வர வேண்டும், அதற்கு ஒரு நொடி முன்னால் வந்தாலும் கெட்டுவிடும். லே-அப் இன்னும் பாதிதான் விழுகிறது. பெரியகுளத்துத் தம்பி, அந்தப் பெரியவர் இந்த மே மாதமும் கேலரிக்கு வந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளை வேன் பிடித்துக் கூட்டி வருகிறேன்.