மறு: ‘ஒற்றைப்படை அகல முழுஎண்’ சரியா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

> 20 பிட், 24 பிட் முழுஎண் வகைகளுக்குப் பொதுப்பெயராக ‘ஒற்றைப்படை அகல முழுஎண்’ என்று வைத்துக்கொள்வோமா?

வேண்டாம் அண்ணாச்சி. 20, 24, 40, 48 எல்லாமே இரட்டைப்படை. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட இதைத் திருத்திவிடும். ஜிசிசி கம்பைலரின் (நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) மூலநிரலில் உள்ள பெயர்களைப் பார்த்து நீங்கள் முன்மொழிந்த ‘பகுதி முழுஎண்’, ‘பின்ன முழுஎண்’ இரண்டும் இன்னும் மோசம். நம் கணக்குப் புத்தகத்தில் பகுதி என்றால் பின்னத்தின் கீழ் எண். பின்னமோ முழுஎண்ணே கிடையாது.

‘வழக்கமில்லாத’ என்ற அடைமொழியும் நிற்காது. எம்எஸ்பி430எக்ஸ் சில்லுக்கு 20 பிட் வழக்கமானதுதான். அதன் ரெஜிஸ்டரே, அதாவது கணக்குப் போட எண்ணை வைக்கும் உள்ளிடமே, 20 பிட். 16 பிட் முகவரியால் 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது என்பதால் அகலத்தைக் கூட்டி 1 மெகாபைட் வரை எட்ட வைத்தார்கள்.

உண்மையில் பெயர் தேவைப்படுவது இரண்டு அகலங்களுக்கு. மதிப்பைத் தாங்குகிற பிட்கள் எத்தனை என்பது ஒன்று. நினைவகத்தில் அந்த வகை பிடிக்கும் இடம் எவ்வளவு என்பது இன்னொன்று. 8, 16, 32, 64 மட்டும் இருந்த வரையில் இரண்டும் ஒன்றாகவே இருந்ததால் யாரும் பிரித்துப் பேசவில்லை. கம்பைலரில் பிழை நுழைகிற வாசல் இதுதான். ‘பைட் எண்ணிக்கையை 8ஆல் பெருக்கினால் பிட் எண்ணிக்கை’ என்று எங்காவது ஒரு வரி எழுதியிருந்தால், எம்எஸ்பி430எக்ஸின் இன்ட்20 வகை அங்கே 32 பிட்டாகிவிடும். அகலத்துக்கு 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்து அட்டவணையில் தேடுகிற நிரலுக்கு 20 என்றால் விடையே கிடைக்காது.

முதலாவதை மதிப்பகலம் என்றும் இரண்டாவதை இடவகலம் என்றும் சொல்லலாம். ஜிசிசி மதிப்பகலத்துக்கு வைத்திருக்கும் பெயரைத் ‘துல்லியம்’ என்று பெயர்க்க நான் சம்மதிக்கமாட்டேன். 20 பிட் முழுஎண் 32 பிட்டைவிடத் துல்லியம் குறைந்தது அல்ல. எட்டும் எல்லைதான் குறைவு.

இந்த இரண்டு சொல்லும் கையில் இருந்தால் மற்றது எளிது. எம்எஸ்பி430எக்ஸின் இன்ட்20க்கு மதிப்பகலம் 20, இடவகலம் 32. ஏவிஆர் சில்லின் இன்ட்24க்கு மதிப்பகலமும் 24, இடவகலமும் 24, மூன்றே பைட். ஜிசிசி இவ்விரண்டையும் வெவ்வேறு அறிவிப்புகளால்தான் வரையறுக்கிறது. 20 பிட் வகையை 32 பிட் வகையின் இடத்தில் குடிவைத்து மதிப்பகலத்தைத் தனியே சொல்கிறார்கள். 24 பிட் வகைக்கு 24 பிட், 3 பைட் என்று இரண்டையுமே எழுதுகிறார்கள். மதிப்பகலம் இடவகலத்தைவிடக் குறைந்ததை மட்டும் ‘குறையகல முழுஎண்’ எனலாம். குறைகடத்தி என்ற சொல் பழகிய காதுக்கு இது உறுத்தாது. இன்ட்24க்கு எந்த அடைமொழியும் வேண்டாம், ‘24 பிட் முழுஎண்’ போதும். நம் அளவை முறையில் 8 நாழி குறுணி, 16 பதக்கு, 32 தூணி. இடையில் வரும் 24 நாழியை யாரும் விநோத அளவு என்று சொன்னதில்லை, முக்குறுணி என்றார்கள்.

இடவகலத்தில் மதிப்பகலம் போக மிஞ்சுகிற பிட்களுக்குப் ‘பதர்பிட்’ என்று முன்மொழிகிறேன். மரக்காலில் இடம் பிடிக்கும், அரிசி தராது.

இன்ட்24 எதற்கு உதவும் என்று கேட்டிருந்தீர்கள். மின்தராசுகளில் வரும் எச்எக்ஸ்711 சில்லு 24 பிட் குறியுள்ள எண்ணாக (பூஜ்யத்துக்குக் கீழும் போகக்கூடியது) அளவைத் தருகிறது. அந்த மூன்று பைட்டையும் 32 பிட் லாங் மாறியில் அப்படியே அடுக்கினால், வெறும் தட்டு பூஜ்யத்துக்கு ஒரு படி கீழே இறங்கியதும் −1க்குப் பதில் 16777215 வரும். இடப்பக்கம் 8 பிட் தள்ளி, குறியோடு வலப்பக்கம் 8 பிட் தள்ளித்தான் சரிசெய்ய வேண்டும். இன்ட்24இல் வாங்கினால் குறி தன் இடத்திலேயே இருக்கும். லாங்குக்கு மாற்றும்போது கம்பைலரே குறியை நீட்டிவிடும். ஜிசிசி 4.7 முதல், அதாவது 2012 முதல், ஏவிஆருக்கு இது உண்டு. அச்சிடும் பிரிண்ட்எஃப்-க்கு மட்டும் இந்த வகை தெரியாது, லாங்காக மாற்றியே கொடுக்க வேண்டும்.

---

தம்பிக்கு,

ஒற்றைப்படையை விட்டுவிட்டேன். மதிப்பகலம், இடவகலம் இரண்டும் நன்றாக உட்காருகின்றன. பதர்பிட் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் குறையகலத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது.

எம்எஸ்பி430எக்ஸில் பதர் நினைவகத்தில் மட்டும்தான். ரெஜிஸ்டர் 20 பிட், மதிப்பும் 20 பிட்; அங்கே பதரே கிடையாது. 20 பிட் கட்டளை நினைவகத்தில் எழுதும்போது மேல் 12 பிட்டைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் தொகுப்பில் ஐ24 என்ற 24 பிட் வகையை 32 பிட் எந்திரத்துக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழ். நினைவகத்தில் 3 பைட்தான் எழுதும், அதையும் 16 பிட், 8 பிட் என்று இரண்டாகப் பிரித்து எழுதும். ரெஜிஸ்டரிலோ மேல் 8 பிட் பதர், அதில் என்ன கிடக்கும் என்று சொல்லமுடியாது. கூட்டல், கழித்தல், பெருக்கல், இடத்தள்ளல் செய்தால் கீழ் 24 பிட் சரியாகவே வரும். வகுத்தல், வலத்தள்ளல், ஒப்பிடுதல் என்றால் முதலில் பதரைத் தூற்றியாக வேண்டும்: குறியற்றதற்கு 16777215உடன் பிட்வாரி ‘மற்றும்’, குறியுள்ளதற்கு நீங்கள் சொன்ன இரட்டைத் தள்ளல். பின்முனை (கம்பைலரில் எந்திரக் கட்டளையை உண்டாக்கும் பகுதி) எழுதுகிறவர் இடறுவது இந்த மூன்று செயல்களில்தான். ஆகவே பதர் எங்கே என்பதையும் வரையறையில் சேருங்கள்.

எம்எஸ்பி430எக்ஸில் இன்னொரு குழி. 16 பிட் கட்டளை ரெஜிஸ்டரில் எழுதினால் மேல் 4 பிட் அழியும். −2ஐ 16 பிட்டாக ஏற்றி 20 பிட் முகவரியோடு கூட்டினால் இரண்டு பைட் பின்னே போகாமல் 65534 பைட் முன்னே போய்விடும். 4 பிட் இடப்பக்கமும் பிறகு குறியோடு 4 பிட் வலப்பக்கமும் தள்ளிய பிறகே கூட்ட வேண்டும்.

சி மொழியின் சி23 தரத்தில் வரும் பிட்இன்ட்(37) போல நிரலர் தானாக அகலம் குறிக்கும் வகையை இதோடு கலக்காதீர்கள். அங்கே எந்திரத்துக்கு 37 பிட் என்று ஒன்று தெரியவே தெரியாது. ‘குறித்தகல முழுஎண்’ என்று தனிச்சொல் கொடுங்கள்.

---

அண்ணாச்சி,

ஏற்றுக்கொண்டேன். ‘குறையகலம்’ வகையின் பண்பாக நிற்காது, அது வகையும் இருப்பிடமும் சேர்ந்த பண்பு. கலைச்சொல் பதிவை இப்படி மாற்றுகிறேன்: ‘ஒரு முழுஎண்ணின் மதிப்பகலம், அது இருக்கும் ரெஜிஸ்டரின் அல்லது நினைவக இடத்தின் அகலத்தைவிடக் குறைந்திருந்தால், அந்த இடத்தில் அது குறையகலமானது. மிஞ்சுவன பதர்பிட்கள்.’

பதர்பிட் பதிவில் எந்திரவாரியாக உள்ளடக்கம் என்ன என்று ஒரு வரி வரும். எம்எஸ்பி430எக்ஸ் நினைவகம்: பூஜ்யம். எக்ஸ்86-64 சில்லில் பிட்இன்ட்: உறுதி இல்லை, படிப்பவரே தூற்றிக்கொள்ள வேண்டும். ஏவிஆரின் இன்ட்24: பதர் இல்லை.

குறித்தகல முழுஎண்ணுக்கு ஒரு எடுத்துக்காட்டும் சேர்க்கிறேன். குறியற்ற பிட்இன்ட்(5) வகையில் 31உடன் அதே வகை 1ஐக் கூட்டினால் 0 வரும், 32 அல்ல. மற்ற சிறு முழுஎண்கள் கணக்கிடும்போது தானாக சி மொழியின் வழக்கமான இன்ட் வகையாக உயரும்; இது உயராது.