பீனிசமா, ஒற்றைத் தலையிடியா, பனடோலின் வேலையா?

வெள்ளவத்தை_06:
வீட்டில் தலையிடி என்றாலே "பீனிசம்" (சைனஸ்) என்று முடிவுகட்டி, ஆவி பிடித்து, இரண்டு பனடோலும் போடுகிறோம். மாதத்தில் நாலைந்து தரம் ஒரு பக்க நெற்றியும் கண்ணும் விண்விண்ணென்று இடிக்கும். வேறு நாட்களில் பின்னேரம் தலையைச் சுற்றிக் கயிறு கட்டினமாதிரி இறுக்கம். காய்ச்சல் இல்லை, மூக்கு லேசாக அடைக்கும். இது ஒரு வருத்தமா, இரண்டா?

நாடித்துடிப்பு:
இரண்டு. கயிறு கட்டினமாதிரி வருவது இறுக்கத் தலையிடி. இரண்டு பக்கமும் இருக்கும், 30 நிமிடத்தில் போகலாம், 7 நாள் இழுக்கவும் செய்யலாம். படியேறினாலும் இடி அதிகமாகாது. மற்றது மைகிரேன், அதாவது ஒற்றைத் தலையிடி; மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணித்தியாலம் நிற்கும், படியேறினால் இன்னும் இடிக்கும்.

மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கோ: ஓங்காளம் வருதா? வெளிச்சம் கூசுதா? அன்றைய வேலையைச் செய்ய ஏலாமல் படுக்க வைக்குதா? இரண்டுக்கு "ஓம்" என்றால் பெரும்பாலும் மைகிரேன்தான்.

மூக்கடைப்பை நம்பி ஏமாறவேண்டாம். மைகிரேன் நேரம் முகத்து நரம்பு தூண்டப்படுவதால் கண்ணீரும் வரும், மூக்கும் அடைக்கும். பீனிசம் என்றால் மஞ்சள் அல்லது பச்சைச் சளி, மணம் தெரியாமை, குனிந்தால் கன்னத்தில் பாரம். தண்ணிமாதிரி வடிந்து அடுத்த நாளே சுகமாகிற "பீனிசம்" பீனிசமே இல்லை.

மருந்துக்கடை_மேசை:
ஆவி பிடிப்பதால் கெடுதல் இல்லை. பனடோல் எண்ணிக்கைதான் கவனம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பரசிட்டமோல் (பனடோலில் இருக்கிற மருந்து) போட்டு, அப்படியே 3 மாதம் தாண்டினால் மருந்தே தலையிடியைக் கொண்டுவரும். கோடீன் (அபின் வகை நோமருந்து) அல்லது கஃபீன் கலந்த குளிசைக்கும் மைகிரேனுக்கென்றே உள்ள ட்ரிப்டானுக்கும் 10 நாளே போதும். கலண்டரில் குளிசை போட்ட நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கோ, கணக்குத் தானாகத் தெரியும். நிறுத்தினால் முதல் சில நாள் கூடத்தான் இடிக்கும்; அதில் பயந்து திரும்பத் தொடங்குபவர்களும் உண்டு. கோடீன் என்றால் டொக்டரைக் கேட்டே குறைக்கவேணும்.

மைகிரேனுக்கு இடி தொடங்கின உடனேயே போடவேணும். பிந்தினால் வயிறு மந்தமாகி, குளிசை அங்கேயே கிடக்கும். வளர்ந்தவருக்கு 500 மி.கி. பனடோல் குளிசை இரண்டு, அடுத்தது ஆகக்குறைந்தது 4 மணித்தியாலம் கழித்து, 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் கூடாது. தடிமனுக்குக் கரைத்துக் குடிக்கிற பக்கெட்டிலும் பரசிட்டமோல் இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கோ. ஈரல் வருத்தக்காரரும் 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் அளவை டொக்டரிடம் கேட்கவேணும்.

வெள்ளவத்தை_06:
நன்றி. தேத்தண்ணியை விட்டுவிட்டால்?

நாடித்துடிப்பு:
ஒரேயடியாக விடாதையுங்கோ! நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடித்துப் பழகின உடம்புக்கு 24 மணித்தியாலத்துக்குள் அதுவே தலையிடி. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கோப்பையாகக் குறையுங்கோ. போயா (பௌர்ணமி) லீவில் பத்து மணிவரை படுத்து, காலைத் தேத்தண்ணியும் சாப்பாடும் பிந்தினால் மத்தியானம் மைகிரேன் வருவதும் இதே கணக்குத்தான்.

கொட்டாஞ்சேனை_13:
ஒன்று விடுபட்டுவிட்டது. கொழும்பில் காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் இடித்தால் முதலில் டெங்குவை நினையுங்கோ. புரூஃபன் (ஐபுப்ரோஃபென்), டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் ஆகிய நோமருந்துகளைத் தொடவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும் போட்டு, டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கோ.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகிற இடி, கை கால் விறைப்பு, வாய் கோணல், கழுத்தை மடக்க ஏலாத காய்ச்சல் என்றால் குளிசை தேடாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் நோவும் சப்பும்போது தாடை நோவும் வந்தால் அன்றைக்கே காட்டவேணும், கண்பார்வை போகக்கூடும்.

மருந்துக்கடை_மேசை:
இடி தொடங்கமுன் கண்ணில் நெளிநெளியாக வெளிச்சக்கோடு தெரிகிற பெண்கள், ஈஸ்ட்ரஜன் உள்ள கர்ப்பத்தடைக் குளிசை பாவித்தால் அதையும் டொக்டரிடம் சொல்லவேணும். இரண்டும் சேர்ந்தால் பக்கவாத ஆபத்துக் கூடும். பெரும்பாலும் வேறு முறைக்கு மாற்றிவிடுவார்கள்.